பாமினிக்குள் பூட்டிய மனுக்கள்

செம்மங்குப்பத்தில் சித்தப்பா வீட்டுக் கணினியில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தச் செயலியை ஏற்காது. பொங்கலுக்குப் போனபோது லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவ், அரை மணி நேரம், அவ்வளவுதான். பிரிண்டர்கூடத் தானாக வேலை செய்தது.

பழைய கோப்பைத் திறந்தவுடன் சித்தப்பா கூப்பிட்டார். "என்னடா இது, எல்லாம் இங்கிலீஷா கொட்டிக் கிடக்கு?"

சித்தப்பா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, முந்திரியும் பலாவும் சாய்ந்துபோன சுற்று ஊர்க்காரர்களுக்கு நிவாரண மனு அடித்துக் கொடுத்தவர். அந்த மனுக்கள் எல்லாமே பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச். எழுத்துரு அதைத் தமிழ் போல வரைந்து காட்டும். பாமினி இல்லாத விண்டோஸிலும் இதே கதிதான், போனிலும் இதே கதிதான். பழி மட்டும் லினக்ஸ் மேல் விழுகிறது.

எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம், நிறுவினேன், தமிழ் வந்தது. அடுத்த நாளே பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்தார். இறந்துபோன அப்பா பெயரில் அப்போது கொடுத்த மனுவின் நகல் வேண்டும், நிலத் தகராறு. பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. இருக்கும் கோப்புகள் 340 சொச்சம். எதற்கும் ஒழுங்கான பெயர் கிடையாது.

லினக்ஸைப் பரிந்துரைக்கும் நாம் (என்னையும் சேர்த்துத்தான்) இருபது வருடமாக 'இலவசம், வைரஸ் வராது' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். லினக்ஸ் நம் வீடுகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. சித்தப்பா மகளுக்கும் ஒரு மடிக்கணினி கிடைத்தது. தொடங்கும்போது கை தவறி அழுத்தினால் மட்டும் பாஸ் திறக்கும். உடனே அணைத்துவிட்டு மறுபடி போடுவாள். அதைக் கேட்கும் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை. நம் பிளஸ் டூ பாடநூலில் பல வருடம் ஸ்டார் ஆபீஸ் இருந்தது, பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினார்கள். கேரளத்தில் பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையே லினக்ஸில் நடத்துகிறார்கள். இங்கே வட்டில் ஒரு ஓரத்தை ஒதுக்கியதோடு சரி.

என்னைக் கேட்டால், பாஸைவிட முக்கியமான முடிவு 2010-ல் வந்தது. கோவை செம்மொழி மாநாட்டையொட்டி அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் கழித்தும் சித்தப்பா பாமினியில்தான் அடித்தார். காரணம், அச்சடிக்கக் கொண்டுபோகிற டிடிபி கடையில் இருந்தது பேஜ்மேக்கர். அதற்கு யூனிகோட் தெரியாது. போன மாதம்கூட ஒரு கடையில் "பாமினியில கொண்டாங்க சார்" என்றார்கள்.

மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்தினேன். முதல் முயற்சி சொதப்பல். மனுவுக்குள் ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள், வங்கி விவரங்கள் எல்லாம் சேர்ந்து உளறல் தமிழாகிவிட்டன. பிறகு லிப்ரே ஆபீஸ் மூலம் கோப்புகளை டாக்எக்ஸ் ஆக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயர் பார்த்து, பாமினி என்று இருந்தால் மட்டும் மாற்றும்படி எழுதினேன். ஒரு ராத்திரி வேலை. லினக்ஸ் போட ஆன நேரத்தைவிடப் பல மடங்கு. வீட்டில் மாற்ற நினைப்பவர்கள் இந்த வேலையை முதலில் முடியுங்கள். பழைய கோப்புகளின் நகல் கட்டாயம் இருக்கட்டும்.

தட்டச்சுக்கு ஐபஸ்ஸில் எம்17என் தட்டச்சுப்பொறி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தேன். சித்தப்பாவின் விரல்கள் அதில் தடுமாறவில்லை. தமிழ்99 பழகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்.

அந்தப் பெயரைத் தட்டினேன். மூன்று மனுக்கள் வந்தன. ஒன்றில் சர்வே எண்ணும் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தோம். எழுத்துருப் பெயரே அழிந்துபோன பதினோரு கோப்புகள் மட்டும் இன்னும் பாக்கி. அவற்றை சித்தப்பா கையாலேயே திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார்.