பஸ் நிறுத்தமும் நாற்காலியும்

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) படத்துப் பொடியங்குளத்துக்கு பஸ் நிறுத்தம் கிடையாது. பஸ் நிக்காததற்குப் பேர் சாதி என்று உடைத்துச் சொன்னதே படத்தின் பலம். பஸ்ஸை அடித்து நொறுக்கும் கோபம் நியாயமானது. ஆனா, கூடுவாஞ்சேரியிலிருந்து பார்க்கிற எனக்கு இன்னொரு கேள்வி: எந்த வேலை முதலில், எதற்குப் பணம் என்று எழுதுற பேனா யார் கையில?

பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் சி.எம்.டி.ஏ. கட்டிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. அன்று அதற்கென ஒரு ரயில் நிலையம் இல்லை. மூட்டை சுமக்கிற சனத்தைக் கேட்டிருந்தா எது முதலில் வேணும்னு சொல்லியிருக்கும். பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கணும் என்கிறது 1993இல் அமலான 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அந்த நாற்காலியில் சேரியும் உட்காரணும். கர்ணன் நிறுத்தம் கேட்டான். நாற்காலி கேக்கிற கதையையும் நாம எழுதணும்.