மேட்டூரும் 0.16 என்ற எண்ணும்

சேலம் மாவட்டத்தில் நாலு மாடிக் கட்டடத்துக்கு வரைபடம் போடும் பொறியாளர் முதலில் எடுத்துவைக்கும் எண்களில் ஒன்று 0.16. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பு 2002-இல் மூன்றாம் நில அதிர்வு மண்டலத்துக்குக் கொடுத்த காரணி அது. 2016 பதிப்பிலும் மாறவில்லை. இங்கே எதிர்பார்க்கக்கூடிய கடுமையான நிலநடுக்கத்தில் தரை பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக உலுக்கப்படும் என்பதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காகச் சொல்கிறது: நூற்றுக்குப் பதினாறு. வடிவமைப்புக் கணக்கில் அதைப் பாதியாக்கி 0.08 ஆக்குவார்கள். உடையாமல் வளைந்து தாங்கும் திறன் கட்டடத்துக்கு இருந்தால் இன்னும் குறைப்பார்கள். பள்ளியோ மருத்துவமனையோ என்றால் ஒன்றரை மடங்காக்குவார்கள்.

மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தபோது இந்த எண் இல்லை. விதித்தொகுப்பின் முதல் பதிப்பே 1962-இல்தான் வந்தது. நிலம் குலுங்கும்போது அணையின் முகத்தில் நீர் கூடுதலாக எவ்வளவு அழுத்தும் என்று கணக்கிட்டுக் காட்டிய வெஸ்டர்கார்டின் புகழ்பெற்ற கட்டுரை அச்சானது 1933-இல். அதற்குள் சீதமலைக்கும் பாலமலைக்கும் நடுவே சுவர் ஏறக்குறைய எழுந்துவிட்டது. 214 அடி உயரம், 5,300 அடி நீளம், 120 அடி வரை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. நீர். இத்தனையும் தன் எடையாலேயே நிற்கிற ஒரு கட்டுமானத்தை நம்பியிருக்கிறது.

0.16 என்ற எண் பொய்யல்ல. ஆனால் அது எத்தனை உறுதியோடு பேசுகிறதோ, அத்தனை உறுதி அதன் பின்னால் உள்ள தரவுக்கு இல்லை. அதை அது வெளியே சொல்வதும் இல்லை. என் குறை அதுதான்.

இந்த எண்ணுக்கு அடிப்படையான நில அதிர்வு மண்டலப் படம் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும். தொடக்கத்தில் நாட்டை 0 முதல் 6 வரை ஏழு மண்டலங்களாகப் பிரித்தார்கள். தென்னிந்தியப் பீடபூமியின் பெரும்பகுதி அடிமட்ட மண்டலங்களில் வந்தது. பழைய பாறை, அசையாத நிலம் என்ற நம்பிக்கைதான் காரணம். 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் 6.3 அளவு நிலநடுக்கம் வந்து சுமார் 180 பேரைக் கொன்றது. 1970-இல் படம் திருத்தப்பட்டது. பூஜ்ய மண்டலம் காணாமல் போயிற்று. 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரியில் இன்னொன்று. எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்று குறிக்கப்பட்ட முதல் மண்டலத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் கல்வீடுகளின் அடியில் மாண்டார்கள். 2002-இல் அந்த முதல் மண்டலமும் நீக்கப்பட்டு இரண்டாவதோடு சேர்க்கப்பட்டது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. தீபகற்பத்தைப் பொறுத்தவரை படம் நிலநடுக்கத்தை முந்திச் சொன்னதைவிட அதன் பின்னால் ஓடியதே அதிகம்.

மேட்டூருக்கு இதில் நெருங்கிய உறவு கொய்னாவோடுதான். அதுவும் தீபகற்பத்தின் பழைய பாறையில் எழுந்த கனமான அணை. 103 மீட்டர் உயரம். நீர்த்தேக்கம் 1962-இல் நிரம்பத் தொடங்கிய பிறகு சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. ஐந்தே ஆண்டுகளில் பெரியது வந்தது. தேங்கிய நீரே நிலநடுக்கத்தைத் தூண்ட முடியும் என்பதற்கு உலகம் இன்றும் காட்டும் முதன்மைச் சான்று கொய்னா. அணையை வடிவமைத்தவர்கள் புவியீர்ப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு பக்கவாட்டு விசை என்று எடுத்துக்கொண்டார்கள். அணைக்குள் வைத்திருந்த முடுக்கமானி அணையின் நீளவாட்டில் 0.63-ஐப் பதிவு செய்தது, குறுக்குவாட்டில் 0.49-ஐ. எதிர்பார்த்ததைப் போலப் பத்து மடங்கு. அணை இடியவில்லை. ஆனால் கீழ்முகத்தின் சரிவு மாறும் உயரத்தையொட்டிக் கிடைமட்ட விரிசல்கள் விழுந்தன. பிற்பாடு முட்டுச் சுவர்கள் கட்டிப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவின் பெர்க்லியில் அனில் சோப்ரா இந்தப் பதிவை வைத்துக் கணக்கிட்டு, நிலையான ஒரு விசையைப் பக்கவாட்டில் பூட்டிப் பார்க்கும் பழைய முறை ஏன் தவறுகிறது என்று காட்டினார். அணை ஒரே கட்டையாக அசைவதில்லை. மேற்பகுதி தனியாக வீசி ஆடுகிறது. அந்த ஆட்டம் பழைய கணக்கில் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 0.63 என்பது ஒரு கண நேரத்து உச்சம். வேகமாக வந்து போகும் ஒற்றை உச்சத்தை வைத்துக்கொண்டு, கொய்னா இருக்கும் நான்காம் மண்டலத்தின் 0.24-ஐக் கேலி செய்வது நியாயமில்லை. மண்டலக் காரணி கட்டடத்தை உண்மையில் பாதிக்கும் குலுக்கத்தின் மதிப்பீடு. கருவி பிடித்த உச்சம் வேறு. செய்தித்தாள்கள் இரண்டையும் குழப்புகின்றன. பொறியாளர்கள் சிலரும்தான்.

அடுத்து, குலுக்கத்தைக் கணிக்கும் சமன்பாடுகளுக்கு வருவோம். நிலநடுக்கத்தின் அளவு இவ்வளவு, தூரம் இவ்வளவு, தரை இப்படி என்று கொடுத்தால் முடுக்கம் இவ்வளவு என்று சொல்லும் சமன்பாடுகள் உலகெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கலிபோர்னியா, ஜப்பான், தைவான் போன்ற இடங்களில் அவற்றை ஆயிரக்கணக்கான பதிவுகள் தாங்குகின்றன. தீபகற்ப இந்தியாவில் வலுவான குலுக்கப் பதிவுகள் மிகக் குறைவு. அதனால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.என். ஐயங்காரும் எஸ்.டி.ஜி. ரகுகாந்தும் வேறு வழி தேடினார்கள். மூலம், வழி, தளம் என்று மூன்றாகப் பிரித்து, இயற்பியல் மாதிரி ஒன்றால் கணினியில் ஏராளமான செயற்கை அதிர்வுகளை உருவாக்கி, அவற்றுக்கு 2004-இலும் 2007-இலும் சமன்பாடுகளைப் பொருத்தினார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக ஐயங்கார் தலைமையில் தயாரான நிகழ்தகவுப் படத்திலும் இந்த வழியே கையாளப்பட்டது.

அது நல்ல வேலை. கலிபோர்னியாவின் சமன்பாட்டை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தால் பெரிய தவறு நேர்ந்திருக்கும். விரிசல் விட்ட பானையைத் தட்டினால் ஓசை அங்கேயே அமுங்கும். நன்றாகச் சுட்ட பானை கணீரென்று ஒலிக்கும். உடைந்து நொறுங்கிய கலிபோர்னியப் பாறையில் அலைகள் சீக்கிரம் அடங்குகின்றன, நம் பழைய பாறையில் வெகுதூரம் போகின்றன. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் தோன்றிய நிலநடுக்கத்தைச் சென்னையின் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் உணர்ந்தார்கள். ஆக, உள்ளூர் மாதிரி வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் செயற்கை அதிர்வில் பிறந்த சமன்பாட்டை எதை வைத்துச் சரிபார்ப்பது? பதிவு இல்லாததால்தான் மாதிரி. மாதிரியைச் சோதிக்கவோ பதிவு வேண்டும். இந்தச் சுழல் இன்னும் உடையவில்லை. எந்தச் சமன்பாட்டுக்கும் இயல்பாக உள்ள சிதறல் இதற்கு மேல் சேர்கிறது. சமன்பாடு 0.10 என்று சொன்னால், அதே அளவும் அதே தூரமும் கொண்ட நிலநடுக்கங்களில் மூன்றில் இரண்டு பங்கு, தோராயமாக 0.05-க்கும் 0.20-க்கும் இடையில் விழும். மீதி மூன்றில் ஒன்று அதற்கும் வெளியே. நல்ல ஆய்வுக் கட்டுரைகள் இந்தச் சிதறலை ஒளிக்காமல் அச்சிடுகின்றன. அது விதித்தொகுப்பை வந்தடையும்போது ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

நிகழ்தகவுக் கணக்கின் மற்றொரு வழக்கமும் எனக்கு உறுத்துகிறது. 1968-இல் கார்னல் வகுத்த முறை இது: சுற்றிலும் உள்ள மூலங்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு பெரிதாகக் குலுங்கும் என்று கணித்து, 50 ஆண்டுகளில் 10 சதவீத வாய்ப்புள்ள முடுக்கத்தைக் காண்பது. இதையே 475 ஆண்டு மீள்காலம் என்கிறார்கள். 475 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் என்று பலர் படித்துக்கொள்கிறார்கள், அது அப்படியல்ல. பெரிய அணைகளுக்கு 2,475 ஆண்டு என்றும் கணக்கிடுவார்கள். நம்மிடம் உள்ள கருவிப் பதிவு எவ்வளவு பழையது? கொடைக்கானலில் முதல் அதிர்வுமானி வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை மையமாகக் கொண்டு சுமார் 6 அளவில் வந்த நிலநடுக்கத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் மக்கள் உணர்ந்து சொன்னதை வைத்துத்தான். அதற்கு முந்தையவை அதிகாரிகளின் குறிப்புகளிலும் தாமஸ் ஓல்டாம் தொகுத்த பட்டியலிலும் கிடைப்பவை. எழுதுவதற்கு ஆள் இல்லாத காட்டில் நிலம் குலுங்கியிருந்தால் பட்டியலில் அது இல்லை. நூறு சொச்சம் ஆண்டுத் தரவிலிருந்து 2,475 ஆண்டுக்குக் கணக்கை நீட்டும்போது, ஓர் இடத்தின் நீண்ட காலத்துக்குப் பதிலாகப் பல இடங்களின் குறுகிய காலத்தை வைக்கிறோம். வேறு வழியில்லை என்பது சரி. வேறு வழியில்லாததாலேயே விடை உறுதியாகிவிடாது.

பிளவுகளின் கதையும் இப்படித்தான். 'மேட்டூர் கிழக்குப் பிளவு' என்ற பெயரைப் பெங்களூருக்கான ஆய்வுகளில்கூடப் பார்க்கலாம். இந்திய அறிவியல் கழகத்தின் டி.ஜி. சீதாராமும் பி. அன்பழகனும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்ட மூலங்களில் அதுவும் ஒன்று. பெங்களூருக்கு அதிகமான குலுக்கம் மாண்டியா–சென்னபட்டணா–பெங்களூரு கோட்டிலிருந்து, 5.1 அளவு நிலநடுக்கத்தில் வரும் என்று கண்டு, பாறை மட்டத்தில் சுமார் 0.15 என்றார்கள். பெங்களூரு இருக்கும் இரண்டாம் மண்டலத்தின் காரணி 0.10. ஒன்றரை மடங்கு. அதனால் விதித்தொகுப்பு தவறு என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. செயற்கைக்கோள் படத்தில் ஒரு நேர்கோடு தெரிகிறது என்பதாலேயே அது உயிருள்ள பிளவு ஆகிவிடாது. கடைசியாக எப்போது நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது என்ற தகவல் இல்லாமல் அதை நகரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டால் எண் ஏறும். அபாயத்தைக் குறைத்துச் சொல்வதைப் போலவே கூட்டிச் சொல்வதும் பிழை. அதற்கும் பணம் செலவாகிறது. கில்லாரியிலும் அருகிலுள்ள தேரிலும் சி.பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும் செய்ததைப் போன்ற களப்பணி, அதாவது மண்ணையும் பழைய கட்டுமானத்தையும் ஆராய்ந்து முந்தைய அசைவுகளின் தடயம் தேடுவது, பத்துச் சமன்பாடுகளைவிட மதிப்புள்ளது. காவிரிக் கரையில் அதற்கு இடம் நிறைய இருக்கிறது.

இத்தனை குறைகள் இருந்தும் படத்தைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூஜ் இதற்கு நல்ல பதில். கட்ச் பகுதியை ஐந்தாம் மண்டலம் என்று படம் சரியாகவே சொல்லியிருந்தது, கட்டியவர்கள் கேட்கவில்லை. இன்னும் வேதனையானது அகமதாபாத். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சேலத்தைப் போலவே மூன்றாம் மண்டலத்தில் இருக்கும் நகரம். அங்கே 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் தூண்களோடு மட்டும் விட்டு, மேலே சுவர் எழுப்பிய அடுக்குமாடிகள் பல விழுந்தன. அடியில் சபர்மதியின் வண்டல் மண் குலுக்கத்தைப் பெருக்கியது. 0.16 போதாமல் அல்ல, 0.16-ஐக்கூட மதிக்காமல் கட்டியதால் வந்த சாவுகள் அவை. கீழே கார், மேலே வீடு என்று சேலத்திலும் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன.

மண் என்றதும் வேறொன்றும் கவனிக்க வேண்டும். அணை நிற்பது கடினப் பாறையில். அங்கே தரை பெருக்கிக் காட்டுவது குறைவு. அணையின் நீரை நம்பும் தஞ்சை டெல்டா வண்டலில் இருக்கிறது. ஆனால் அது இரண்டாம் மண்டலம். மண்டலக் காரணியை மட்டும் பார்ப்பவருக்கு மேட்டூர் ஆபத்தானதாகவும் தஞ்சாவூர் அமைதியானதாகவும் தோன்றும். மண் வகைக்கு விதித்தொகுப்பு தனியாகத் திருத்தம் வைத்திருக்கிறது. வீடு கட்டும் மேஸ்திரிவரை அது போய்ச் சேருவதில்லை. குலுக்கம் எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும் படம், குலுங்கினால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்வதில்லை. அணையை ஒட்டியே அனல் மின் நிலையமும் ரசாயன ஆலைகளும் இருக்கும் ஊருக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது.

2018 ஜூலை 22 காலையில் சேலம், தர்மபுரி மாவட்டங்களில் 3.3 அளவில் லேசான அதிர்வு வந்தது. மக்கள் வெளியே ஓடிவந்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள் அதிகாரிகள், செய்தி இரண்டு நாளில் மறைந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்பது சரிதான். ஆனால் இப்படிப்பட்ட சிறு அதிர்வுகளே நமக்குக் கிடைக்கும் மலிவான பாடம். அவற்றைப் பல இடங்களில் நல்ல கருவிகளால் பிடித்தால், நம் பாறையில் அலை எப்படி அடங்குகிறது என்பதை ஊகிக்காமல் அளந்தே சொல்லலாம். பதிவுக்கும் மாதிரிக்கும் இடையிலான அந்தச் சுழலை உடைக்கும் வழி அதுவே.

சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 30 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளின் அருகே நில அதிர்வு நிலையம் வேண்டும் என்கிறது. சுயேச்சையான நிபுணர் குழு ஒவ்வோர் அணையையும் முழுமையாக மதிப்பிட வேண்டும் என்றும், முதல் மதிப்பீடு சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுக்குள், அதாவது 2026 முடிவதற்குள், நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மேட்டூருக்கான அந்த அறிக்கையின் நில அதிர்வுப் பகுதியை நீர்வளத் துறை தமிழிலும் வெளியிட வேண்டும். அதில் ஒற்றை எண் போதாது: எந்தச் சமன்பாடுகள், எந்தப் பிளவுகள், கீழ் எல்லை எவ்வளவு, மேல் எல்லை எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். நிலையத்தின் பதிவுகளைக் கல்லூரி மாணவரும் இறக்கிப் பார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டும். ஜூன் 12 அன்று மதகு திறக்குமா என்று கேட்கத் தெரிந்த டெல்டா விவசாயி இதையும் கேட்கலாம்.