சாதுவான ஆடு, நல்ல கறி: நடுவில் விடுபட்ட படி

சாதுவான செம்மறியாகப் பார்த்துப் பெருக்கினால் நோய் குறையும், குட்டி பிழைக்கும், கறியும் நன்றாக இருக்கும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். எனக்கு மூன்றாவதுதான் உறுத்துகிறது.

முதலில் சோதனையைப் பார்ப்போம். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 1990 முதல் மெரினோ ஆடுகளை ‘அமைதியானவை’, ‘பதற்றமானவை’ என இரண்டு வழிகளாகப் பிரித்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தார்கள். பால் மறந்த குட்டியை மந்தையிலிருந்து பிரித்து, நாலு பக்கமும் அடைத்த பெட்டியில் ஒரு நிமிடம் தனியாக விடுவார்கள். அது உள்ளே முட்டி மோதுவதைப் பெட்டியில் பொருத்திய கருவி ஓர் எண்ணாகத் தரும். இன்னொரு சோதனையில், ஆட்டுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்பார். ஆடு எத்தனை கட்டம் கடந்து ஓடுகிறது, எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணுவார்கள்.

எண் குறைவாக வந்தால் சாது. சரி, பயத்தில் உறைந்துபோய் நிற்கிற ஆட்டுக்கும் எண் குறைவாகத்தானே வரும்? எங்கள் தொழிலில் ஒரு சர்வரிடமிருந்து சத்தமே இல்லையென்றால் நன்றாக ஓடுகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், செத்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இதே ஆடுகளை வைத்து 2008-ல் வெளியான ஒரு கட்டுரையில் பொசோலேயும் அவருடைய சகாக்களும் ‘அதிகம் அசைபவை’, ‘குறைவாக அசைபவை’ என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு அதுதான் நேர்மையான பெயராகப் படுகிறது. அளந்தது அசைவை, ‘சுபாவம்’ என்பது நாம் அதன்மேல் ஒட்டிய லேபிள்.

ஆனாலும் இந்த ஆய்வுகளைத் தூக்கி எறிய முடியாது. அமைதியான வழித் தாய்களின் குட்டிகள் குறைவாகவே இறந்தன என்று ஆரம்பத்தில் தெரிந்தது. பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை. ஏன் பிழைக்கின்றன? செம்மறிக் குட்டிக்கு வயிற்றுக்குள் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் புரதம் கிடைப்பதில்லை, பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். அதனால் சீம்பாலின் தரத்தைச் சந்தேகித்து ஆராய்ந்தார்கள். 2006-ல் வந்த முடிவு: காரணம் அது இல்லை. ஒரு அழகான விளக்கத்தைக் கையில் வைத்திருந்தும் சோதித்துப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். கறி விஷயத்தில் பேசுகிறவர்களிடம் இந்தப் பொறுமையைத்தான் காணோம்.

கறியின் கதை தசையிலுள்ள கிளைக்கோஜனில் இருக்கிறது. அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறி, தசையின் பிஹெச் 7 சுற்றிலிருந்து 5.5 பக்கம் இறங்குகிறது. கையிருப்பு முன்பே தீர்ந்திருந்தால் பிஹெச் மேலேயே நின்றுவிடும். கறி கருத்துப்போகும், சீக்கிரம் கெடும். ஆஸ்திரேலியத் தர முறையில் 5.7-ஐத் தாண்டினாலே பிரச்சினைதான். மெரினோவுக்கு இந்தக் கோளாறு மற்ற இனங்களைவிட அதிகம்.

மிரண்ட ஆட்டில் அட்ரினலின் சுரந்து கிளைக்கோஜன் கரையும், உண்மை. ஆனால் அந்தக் கையிருப்பைத் தீர்மானிப்பது சுபாவம் மட்டுமா? கடைசி வாரங்களில் மேய்ச்சல் எப்படி இருந்தது, நாய் விட்டு எவ்வளவு தூரம் துரத்தினார்கள், லாரியில் எத்தனை மணி நேரம், இறக்கியபின் எவ்வளவு நேரம் பட்டினி? ஒருமுறை தீர்ந்தது திரும்ப ஏற நல்ல தீனியோடு நாட்கணக்கில் ஆகும். பால் மறந்த வயதில் பெட்டிக்குள் கழிந்த அந்த ஒரு நிமிடத்துக்கும் அறுப்புக் கூடத்துக்கும் நடுவே இத்தனையும் கிடக்கிறது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது ஆட்டுக்கும்தான் பொருந்தும்.

இதில் இன்னொரு சிக்கல், பழி யார் தலையில் விழுகிறது என்பது. கறி கருத்தால் ‘ஆட்டின் பரம்பரை சரியில்லை’ என்று சொல்லிவிட்டால் லாரிக்காரரையோ பட்டியில் குச்சியால் குத்துகிறவரையோ யாரும் கேட்க மாட்டார்கள். மரபுத் தேர்வு பலன் தரப் பல தலைமுறை வேண்டும். ஓட்டும் விதத்தை நாளைக்கே மாற்றலாம்.

நான் பார்க்க விரும்பும் சோதனை எளிமையானது. இரண்டு வழி ஆடுகளையும் கலந்து இரண்டு லாரிகளில் ஏற்ற வேண்டும். ஒன்றை நிதானமாகக் கையாள வேண்டும், மற்றதை வழக்கம்போல. அறுத்தவுடன் கிளைக்கோஜன், 24 மணி நேரம் கழித்து பிஹெச். அந்த நாலு கட்ட அட்டவணையில் எந்தப் பக்கத்து வித்தியாசம் பெரியது என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெட்டியைப் பற்றிப் பேசலாம்.