கேபிள் தொலைக்காட்சியும் மனமாற்றமும்: ஓர் ஆய்வின் ஏற்புடைமை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பழமொழி. வடநூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. இவ்வுண்மையை அறியாதார் இலர்; ஆயினும் ஆய்வு செய்யப் புகுங்கால் அதனை மறப்போர் பலர்.

மக்கள் தொடர்பு ஆய்வில் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து செய்யப்பெற்ற முயற்சியொன்று ஈண்டுக் கருதத்தக்கது. கேபிள் தொலைக்காட்சி இந்தியச் சிற்றூர்ப் பெண்டிரின் நிலையை மாற்றியதா என ஆராய்ந்து, இராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் ஆகிய இருவர் 2009-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தமிழ்நாடு, பீகார், கோவா, அரியானா, தில்லி ஆகிய ஐந்து பகுதிகளில் 180 ஊர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2001 முதல் 2003 வரை ஆண்டுதோறும் அதே குடும்பங்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. அவ்விடைக்காலத்தில் 21 ஊர்களுக்குக் கேபிள் புதிதாய் வந்தது. அவ்வூர்களில் மனைவியை அடிப்பது தகும் என்போர் குறைந்தனர். ஆண்மகவையே விரும்பும் நாட்டமும் தளர்ந்தது. நகர்ப்புறத்திற்கும் நாட்டுப்புறத்திற்கும் இடையிருந்த வேறுபாட்டில் 45 முதல் 70 விழுக்காடு வரை குறைந்தது என்பது அவர்தம் முடிவு.

இவ்வாய்வின் சிறப்பு யாது? கேபிள் வந்த ஊர்களை மட்டும் காணாது, வாராத ஊர்களையும் உடன்வைத்து நோக்கியமையே. புகை கண்டு நெருப்பைத் துணிவார்க்கு அடுக்களை ஒத்த சான்றாகும். நெருப்பும் புகையும் இரண்டுமே இல்லாத நீர்நிலை எதிர்ச்சான்றாகும். மணிமேகலையின் 29-ஆம் காதை விளக்கும் அளவை நெறியில் சபக்கம், விபக்கம் எனப்படுவன இவையே. இக்கால ஆய்வாளர் அமைக்கும் ஒப்பீட்டுக் குழுவும் ஒருவகையில் அவ்விபக்கத்தின் பணியையே செய்கிறது.

எனினும் குறையும் உண்டு. எவ்வூர்க்குக் கேபிள் வருவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தாரல்லர். மின்வசதியும் நகரின் அண்மையும் உடைய ஊர்களையே வணிகர் நாடுவர். அத்தகைய ஊர்கள் கேபிள் இன்றியும் மாறியிருக்கலாமன்றோ? இவ்வையத்தை ஆசிரியர்கள் உணர்ந்தே, கேபிள் வருமுன் அவ்வூர்களில் மாற்றம் தொடங்கியிருந்ததா என ஆராய்ந்தனர், இல்லை என்றனர். ஆயின் மூன்றாண்டுக் கணக்கில் அதனைக் காண்பதற்கு இடம் குறுகியது; ஊர்களும் சிலவே. இவர்சன், பாமர்-ஜோன்ஸ் ஆகியோர் அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, அளவுகோல்களைப் பற்றி வினா எழுப்பினர்; ஆசிரியர்கள் மறுமொழி கூறினர்.

மற்றொன்று, சொல்லும் செயலும் ஒன்றல்ல. அடிப்பது தவறு என விடையிறுக்கக் கற்றவள் வீட்டில் அடிபடாதிருக்கிறாள் என்பதற்கு அவ்விடை சான்றாகாது. மகப்பேறு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றையும் ஆசிரியர்கள் நோக்கியமை இதனாற் பாராட்டத்தக்கது. எந்நிகழ்ச்சி மனத்தை மாற்றியது என்பதோ இவ்வாய்வால் விளங்கவில்லை.

ஓர் ஆய்வின் முடிவு அதன் களத்திற்குள் உண்மையாவது அக ஏற்புடைமை. பிற களத்திற்கும் பொருந்துவது புற ஏற்புடைமை. டொனால்டு கேம்பெல், ஜூலியன் ஸ்டான்லி ஆகியோர் 1963-இல் இவற்றுக்கு இடையூறாவன எவை என வகுத்துரைத்தனர். மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கிய ஆண்டும் 1963 ஆகும். தலைமுறைகளாய்த் திரைக்குப் பழகிய கிள்ளான் குடும்பங்களுக்கு, கேபிள் புதிதாய் நுழைந்த சிற்றூரின் முடிவை அவ்வாறே பொருத்துதல் முறையன்று.

இவ்விலக்கணம் தமிழாசிரியர்க்கும் வேண்டுவதே. மேருவிலோ கிள்ளானிலோ ஒரு வகுப்பில் ஒளிக்காட்சி வழியே இலக்கணம் கற்பித்து, முன்தேர்வும் பின்தேர்வும் வைத்து, மதிப்பெண் உயர்ந்தது என்று செயலாய்வு முடிப்பது எளிது. ஆனால் மாணவர் அதற்குள் சில திங்கள் வளர்ந்துள்ளனர். அதே வினாக்களை இருமுறை கண்டுள்ளனர். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றோரையே தேர்ந்திருப்பின், அடுத்த தேர்வில் அவர்களுட் பலர் தாமே சிறிது உயர்வர். ஒத்த இரு வகுப்புகளுள் ஒன்றுக்கு முதற்பருவத்திலும் மற்றொன்றுக்கு அடுத்த பருவத்திலும் அம்முறையைக் கையாண்டால், எவரும் பயனிழவார், ஒப்பீடும் கிட்டும். எவ்வகுப்பு முதலில் என்பதைச் சீட்டே முடிவு செய்யட்டும்.

பயனற்ற முறையைப் பயனுடையதெனத் துணிந்து பள்ளிதோறும் பரப்பினால், அப்பிழையின் விலையைக் கொடுப்போர் மாணவரே. அவர்கள் இழக்கும் ஓராண்டு மீண்டும் வாராது.