பெட்டியையும் தின்னலாம்

கொடைக்கானலில் டிசம்பர் மாதம் ஜிஞ்சர்பிரெட்டில் ஒரு பெட்டி செய்து, உள்ளே கல்கலும் சாக்லேட்டும் நிரப்பி, பெட்டியோடு சேர்த்துத் தின்னக் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதே பெட்டியைச் செய்தால் இரண்டு நாளில் சுவர் தொய்ந்து மூடி உள்ளே விழுந்துவிடும். கார்த்திகை, மார்கழி அங்கே அடைமழைக் காலம்; காற்றே ஈரம். கிறிஸ்துமஸ் பலகாரத்தைக் கட்டிக் கொடுக்கும் விஷயத்தில் இலங்கை ஒரு வழியிலும் நம் மலை இன்னொரு வழியிலும் போனதற்கு இந்த ஈரத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பெட்டிக்கு மைதா, வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, கொஞ்சம் வெல்லப்பாகு, சுக்குத்தூள், பட்டை, கிராம்பு போதும். சமையல் சோடா வேண்டாம்; மாவு உப்பினால் சுவர் கோணிக்கொள்ளும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டையில் வெட்டிய அளவை மேலே வைத்து, அடி, மூடி, நான்கு பக்கம் என ஆறு துண்டு போட வேண்டும். 170 டிகிரியில் வெந்து வெளியே வந்ததும் சூட்டோடு சூடாக அதே அட்டையை வைத்து ஓரத்தைச் சீவிவிட வேண்டும். ஆறவிட்டுக் கத்தி வைத்தால் நொறுங்கிவிடும். ஓர் இரவு காய்ந்த பிறகு, முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சர்க்கரையை அடித்த கெட்டிக் கலவையால் ஒட்டலாம். முட்டை ஆகாதவர்கள் சர்க்கரையைக் கேரமலாக உருக்கி ஒட்டுகிறார்கள்; சட்டென்று இறுகும், அசந்தால் விரலையும் பதம் பார்க்கும்.

மலைக்கென்று சில சங்கடங்கள் உண்டு. ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சமவெளிக்காரர் எழுதிய குறிப்பில் உள்ள டிகிரிக் கணக்கை நம்பிப் பாகு காய்ச்சினால் முற்றிப்போகும். அதிரசத்துக்குச் செய்வதுபோல ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் பதம் மட்டும் எந்த உயரத்திலும் பொய்க்காது. மூடுபனி இறங்கும் நாட்களில் பெட்டி இங்கேயும் இளகத்தான் செய்யும். அதற்கு உட்புறம் முழுக்க உருக்கிய சாக்லேட்டை ஒரு பூச்சு பூசிவிட்டால், காற்றின் ஈரம் அந்தப் பக்கத்தால் ஏறாது. கடைக்குக் கடை ஹோம்மேட் சாக்லேட் எடைபோட்டு விற்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. டிசம்பர் குளிரில் ஃப்ரிட்ஜும் தேவைப்படாது.

இலங்கையில் கவனம் முழுவதும் உள்ளே இருக்கும் பண்டத்தின்மேல். அங்கே கிறிஸ்துமஸ் கேக்கில் மைதாவுக்குப் பதில் வெண்ணெயில் பிசறிய ரவை. பொடியாக நறுக்கிய கஜு (முந்திரி), சர்க்கரைப்பாகில் போட்ட நீற்றுப்பூசணித் தோசி, பாகில் ஊறிய இஞ்சி, சௌசௌ, தேன், பன்னீர், பிராந்தி. முட்டை மஞ்சள்கரு டசின் கணக்கில். இப்படி ஒரு பண்டத்துக்கு ஈரம் பகையே அல்ல. வாரக்கணக்கில் வைக்க வைக்கத்தான் ருசி ஏறும். ஊறிய கேக்கைத் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய் இறங்காத தாளில் மடித்து, மேலே மினுக்குத்தாள் சுற்றி நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, கொடுப்பார்கள். கல்யாணத்திலும் இதுதான். மேடையில் அடுக்கடுக்காக நிற்கும் கேக் பல வேளை வெறும் ரெஜிஃபோமாக (நம் தெர்மோகோல்) இருக்கும். தின்னுகிற கேக் சின்னப் பெட்டியில் தனியாக வந்து சேரும். தின்னக்கூடிய பெட்டியைப் பற்றி யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் சொன்னபோது, “பெட்டியையும் சாப்பிடுறதோ? பேந்து பிள்ளையள் எதைச் சேர்த்து வைக்கிறது?” என்றார். நத்தார்க் கேக்கின் மினுக்குத்தாளைப் புத்தகத்துக்குள் வைத்து நீவிச் சேர்த்த தலைமுறை அது.

நீற்றுப்பூசணி விஷயத்தில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. அலகாபாத் கிறிஸ்துமஸ் கேக்கில் அதே பூசணி பேட்டா மிட்டாயாக விழுகிறது. தமிழ்நாட்டு பேக்கரி பிளம் கேக்கில் அந்த இடத்தைப் பப்பாளிக்காயில் செய்த டூட்டி ஃப்ரூட்டி பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்டால் இது நஷ்டம்தான்.

கொடைக்கானலே ஒருவகையில் யாழ்ப்பாணம் வழியாக வந்த ஊர். 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1834இல் அங்கிருந்து மதுரைக்குக் கிளை விட்டது. மதுரை வெயிலிலும் காய்ச்சலிலும் ஆட்களைப் பறிகொடுத்த அந்த மிஷனரிகள்தான் 1845இல் மலையேறி இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். ஆனால் கேக்கும் பெட்டியும் அவர்களோடு வந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களில் பலர் நியூ இங்கிலாந்துப் பக்கத்து ஆட்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே சந்தேகத்தோடு பார்த்த பியூரிட்டன் மரபு. மாசசூசெட்ஸில் அந்த நாள் அரசு விடுமுறையானதே 1856இல்தான். இலங்கைக்கோ போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு பண்டத்தை விட்டுப்போக, அவர்கள் வழிவந்த பறங்கியர் வீட்டு அடுப்பு லவ் கேக்கையும் புரூடர் கேக்கையும் காப்பாற்றி வைத்தது. அத்தனை கைமாறிய சமையலறை மரபு கொடைக்கானலுக்குக் கிடையாது. அதனாலேயே இங்கே புதிதாக எதைச் செய்தாலும், அம்மம்மா காலத்து முறை இதுவல்ல என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

இருந்தாலும் இந்தப் பெட்டியில் எனக்கு ஒரு குறை உண்டு. நம் ஊரில் கிறிஸ்துமஸ் பலகாரம் தட்டில்தான் போகும்: முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, கல்கல், ஓரத்தில் ஒரு துண்டு கேக், மேலே ஒரு துணி. அந்தத் தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எதிர்வீட்டிலிருந்து வரும் தட்டுக்கும் அதே கணக்கு. தின்று தீர்ந்துவிடும் பெட்டியில் திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. இலங்கையின் மினுக்குத்தாள் துண்டும் அப்படித்தான். வந்தவர் கையில் ஒன்றைக் கொடுத்தால் அத்தோடு முடிந்தது.

நல்ல வேளையாகக் கொடைக்கானலின் மேடும் படியும் இதற்கு ஒரு வழி செய்துவிடுகின்றன. கேரமலில் ஒட்டிய பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் யாரும் இறங்க முடியாது. அடியில் ஓர் எவர்சில்வர் தட்டு வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். பெட்டியைத் தின்ற பிறகு, தட்டு அவர்கள் வீட்டில் இருக்கும்.