பாவனைக் குடும்பமும் வகுப்பறை நூலகமும்

ஆரம்பப் பாடசாலையின் வகுப்பறை நூலகம் இலக்கிய ஆய்வாளரின் கவனத்தை அதிகம் பெற்றதன்று. ஆயினும், எழுத்தறியத் தொடங்கும் பிள்ளை, தான் வாழும் வீடு 'வீடு' எனக் கொள்ளப்படுகின்றதா என்பதை அறிந்துகொள்ளும் முதலிடங்களுள் அதுவும் ஒன்றாகும். வேலைக்குச் செல்லும் தந்தை, சமைக்கும் தாய், இரு பிள்ளைகள் என்னும் படம் நூல்தோறும் மீண்டும் வரும்போது, அது ஒரு குடும்பத்தின் படமாக அல்லாமற் குடும்பம் என்பதன் இலக்கணமாகவே ஆகிவிடுகின்றது. வரலாற்றின் விளைவொன்றை இயற்கையின் விதியாகத் தோன்றச் செய்வதே கருத்துநிலையின் தொழிற்பாடு. குடும்ப வடிவங்கள் சொத்துறவுகளோடு மாறிவந்தவை என எங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். மோர்கனிடமிருந்து அவர் பெற்ற மானிடவியற் செய்திகள் பல இன்று திருத்தப்பட்டுள்ளன. அடிப்படை நோக்கு வலுவிழக்கவில்லை.

இவ்வினா புத்தகத் தட்டிலிருந்து பாராளுமன்றம்வரை சென்ற வரலாறொன்று பிரித்தானியாவில் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த சுசான் போஷ 1981இல் வெளியிட்ட சிறுவர் நூல், 'ஜெனி எரிக்குடனும் மார்ட்டினுடனும் வாழ்கிறாள்' என்னும் பொருள்தரும் தலைப்புடன் 1983இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஜெனி, அவளது தந்தை மார்ட்டின், அவருடைய துணைவர் எரிக் ஆகியோரின் அன்றாட வாழ்வைக் கறுப்புவெள்ளைப் புகைப்படங்களுடன் கூறும் சிறு நூல் அது. தாய் அயலிலே வசிக்கிறார், அடிக்கடி வந்துபோகிறார். 1986இல் இந்நூல் இலண்டன் பாடசாலைகளில் உள்ளதென வலதுசாரிப் பத்திரிகைகள் பேரிரைச்சல் எழுப்பின. உண்மையில் அது இன்னர் இலண்டன் கல்வி அதிகாரசபையின் ஆசிரியர் வளநிலையம் ஒன்றிலே ஆசிரியரின் பயன்பாட்டுக்காக இருந்தது. எனினும் 1988 மே மாதம் நடைமுறைக்கு வந்த உள்ளூராட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருபாலுறவை 'பாவனைக் குடும்ப உறவாக' ஏற்கத்தக்கதெனப் பாடசாலைகளிற் கற்பிப்பதை உள்ளூராட்சிச் சபைகள் ஊக்குவிக்கலாகாது என விதித்தது.

'பாவனை' என்னும் இச்சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். எது மெய்யான குடும்பம், எது போலி என அரசே தீர்ப்பளிக்கின்றது. அப்பிரிவின் கீழ் எவரும் வழக்குக்கு உட்படுத்தப்படவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஆசிரியர்கள் தாமாகவே வாய்மூடினர். நூல்கள் தட்டுக்கு வருமுன்னரே தவிர்க்கப்பட்டன. ஸ்கொட்லாந்தில் 2000ஆம் ஆண்டிலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003ஆம் ஆண்டிலும் அது நீக்கப்பட்டது.

அக்காலகட்டத்தில் இவ்வளவு சினம் எழுந்தது ஏன்? சமூகம் என ஒன்றில்லை, தனிமனிதரும் குடும்பங்களுமே உளர் என்னும் கருத்தை மார்கரெட் தட்சர் வெளியிட்டது 1987இலாகும். பொதுநலச் செலவைச் சுருக்கும் அரசு, முதியோர், நோயாளர், குழந்தைகள் ஆகியோரைப் பேணும் சுமையை வீட்டின்மீது, அதாவது பெண்ணின் ஊதியமற்ற உழைப்பின்மீது, ஏற்றுகின்றது. அச்சுமையைத் தாங்குவதற்குக் குடும்பம் ஒரே வார்ப்பில் இருத்தல் அவசியமாகின்றது. மிஷேல் பரெற்றும் மேரி மக்கின்ரொஷும் 1982இல் எழுதிய நூல், குடும்பத்துக்கு வழங்கப்படும் இத்தனிமதிப்பு குடும்பத்துக்கு வெளியேயுள்ள வாழ்வை எவ்வாறு வறுமைப்படுத்துகிறதென ஏற்கெனவே காட்டியிருந்தது. இவையெல்லாம் வர்க்கப் போராட்டத்தைத் திசைதிருப்பும் விடயங்கள் எனக் கருதும் முற்போக்காளர் நம்மிடையே உளர். 1984–85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது தமக்கு நிதி திரட்டித்தந்த ஒருபாலுறவாளர் குழுவினரை வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் தோழராகவே கொண்டனர். 1985 தொழிற்கட்சி மாநாட்டில் அவர்களின் உரிமைக்கான தீர்மானத்தைச் சுரங்கத் தொழிற்சங்கம் ஆதரித்தது. நம்மவரின் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

இனி நூல்களையே நோக்குவோம். கருத்து நன்று என்பதற்காக நூலும் நன்றெனக் கொள்வது நமது விமரிசனத்தின் பழைய நோய். ஜெனி பற்றிய நூலின் நடை வறண்டது. சிற்சில இடங்களில் அறிக்கைபோல் ஒலிக்கின்றது. ஆனால் அம்மூவரும் சலவை நிலையம் செல்கின்றனர். பிறந்தநாள் விருந்துக்கு ஆயத்தம் செய்கின்றனர். பெரியவர் இருவரும் சண்டையிட்டுச் சமாதானமாகின்றனர். தெருவில் ஒரு பெண் அருவருப்புடன் ஏசுகிறார். அதைப்பற்றிப் பின்னர் ஜெனிக்கு விளக்கப்படுகின்றது. குடும்பம் இங்கு இரத்தத்தாலன்றி உழைப்பாலும் பராமரிப்பாலும் அமைகின்றது. வெளியுலகின் பகையும் மறைக்கப்படவில்லை. இதனையே நாம் யதார்த்தம் என்கிறோம்.

2005இல் அமெரிக்காவில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற பென்குயின் கதை இதனினும் அழகியது, ஆயினும் பலவீனமானது. நியூயோர்க் சென்ரல் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் ரோய், சைலோ என்னும் இரு ஆண் பென்குயின்கள் ஒரு முட்டையை அடைகாத்து 'டாங்கோ' என்னும் குஞ்சை வளர்த்த உண்மைச் செய்தியை அது கூறுகின்றது. இயற்கையிலேயே உள்ளதாதலின் ஏற்கத்தக்கது என்னும் வாதம் அதனுள் மறைந்துள்ளது. இது எதிர்த்தரப்பின் நிலத்திலே நின்று போரிடுவதாகும். நூல் வெளிவந்த அதே ஆண்டில், சைலோ பெண் பென்குயின் ஒன்றுடன் சேர்ந்துவிட்ட செய்தி பரவியபோது எதிர்ப்பாளர் மகிழ்ந்தனர். பறவை இணை மாறியதால் பிள்ளையொருத்தியின் வீடு பொய்யாகிவிடுமா? இத்துணை சாதுவான கதையும் தப்பவில்லை: சிங்கப்பூரின் தேசிய நூலகச் சபை 2014இல் இதனையும் வேறு இரு சிறுவர் நூல்களையும் விலக்கியது, எதிர்ப்பு எழுந்தபின் இரண்டு வளர்ந்தோர் பகுதிக்கு மாற்றப்பட்டன, மூன்றாவது ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது.

2025 யூன் மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம், மேரிலாந்தின் மொன்கமெரி மாவட்ட வழக்கில், இத்தகைய கதைகள் வகுப்பில் வாசிக்கப்படும்போது சமய நம்பிக்கையின் பேரில் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு இடமளித்தது. பெற்றோரின் மனச்சாட்சி அற்பமானதன்று. ஆயின், தன் வீட்டைப் போன்ற வீட்டின் கதை தொடங்கும்போது சகபாடிகள் எழுந்து செல்வதைப் பார்த்திருக்கும் பிள்ளை அவ்வழக்கில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

லெஸ்லியா நியூமன் 1989இல் வெளியிட்ட ஹெதர் பற்றிய நூலில், சிறுவர் யாவரும் தத்தம் குடும்பத்தை வரைகின்றனர். ஒரு படமும் மற்றொன்றைப் போன்றிருப்பதில்லை. வகுப்பறை நூலகத்துக்கு இதுவே தக்க உத்தியெனக் கருதுகிறோம். ஹெதரின் தாயருள் ஒருவர் மருத்துவர், மற்றவர் தச்சர். இவ்விரு தொழில்களின் ஊதிய வேறுபாடு அவ்வீட்டினுள் என்ன செய்கின்றது என்பதை நூல் கேட்கவில்லை. அதன் பின்வந்த நூல்களிலோ வீடுகள் பெரும்பாலும் வசதியானவை, வாடகை பற்றிய பேச்சே இல்லாதவை. ஜெனியின் சலவை நிலையம் அக்கேள்விக்கு அருகிலேனும் சென்றது.