பில் வரிசையிலிருந்து அச்சுமேசைக்கு

2004ஆம் ஆண்டு ஆந்தனி பரில் என்ற ஆங்கிலேய கிராஃபிக் கலைஞர் ஒரு சுவரொட்டி அச்சிட்டார். படம் இல்லை, பூ வேலை இல்லை. பெரிய மர எழுத்துகளில், கறுப்பு மையில், ஒரே ஒரு வாசகம். நன்றாக உழை, மனிதர்களிடம் நல்லவிதமாக நடந்துகொள் என்பது அதன் சாரம். அது அவர் யோசித்து எழுதியதல்ல. சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நிற்கும் வரிசையில் ஒரு மூதாட்டி சொன்னது அவர் காதில் விழுந்தது. அதைக் கொண்டுபோய், ரை என்ற சிற்றூரில் பழைய முறையில் இயங்கிவந்த ஆடம்ஸ் அச்சகத்தில் அச்சேற்றினார். அந்தச் சுவரொட்டி உலகம் சுற்றியது.

லெட்டர்பிரஸ் பழக வருகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. கண்ணையும் காதையும் திறந்து வை. கடைப்பலகை, பஸ் டிக்கெட், தீப்பெட்டி, இரும்புக் கிராதி எதிலும் ஒரு வடிவம் ஒளிந்திருக்கும் என்பதே அந்த அறிவுரை. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான். கண்டெடுத்ததை அச்சுப்பொறி ஏற்குமா என்ற மறுபாதியைப் பலர் சொல்வதில்லை.

லெட்டர்பிரஸ் ஒரு பிடிவாதமான தொழில். மேடாக இருப்பதுதான் மையை வாங்கும். பள்ளமாக இருப்பது வாங்காது. ஆங்கில, அமெரிக்க அச்சகங்களில் ஓர் எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், ஏறத்தாழ 23.3 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் தாளில் பதியாது. கூடினால் தாளைக் கிழிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை ஒரு முறை பொறிக்குள் விட்டெடுக்க வேண்டும். எழுத்துப்பெட்டியில் எத்தனை ‘ஈ’ இருக்கிறதோ அத்தனை ‘ஈ’தான் வாசகத்தில் இருக்கலாம். தெருவில் கண்டது எதுவானாலும் இந்த வாசலில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும்.

அமெரிக்கத் துறவியும் கலைஞருமான கொரிட்டா கென்ட், 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் தம் மாணவர்களிடம் நடுவில் ஓட்டை போட்ட ஓர் அட்டையைக் கொடுத்து சூப்பர் மார்க்கெட்டையும் பெட்ரோல் பங்கையும் அதன் வழியே பார்க்கச் சொன்னார். முழுக்காட்சியை மறந்து துண்டைப் பார்க்கப் பழக்கும் அருமையான பயிற்சி அது. ஆனால் கென்ட்டின் ஊடகம் சில்க் ஸ்கிரீன். வளைத்த எழுத்து, கசங்கிய ரொட்டி உறை, கையெழுத்து என எதைக் கொடுத்தாலும் அந்தத் திரை வாங்கிக்கொள்ளும். ஈய எழுத்து வளையாது. கென்ட்டின் பயிற்சியை லெட்டர்பிரஸ் வகுப்புக்கு அப்படியே கொண்டுவருகிறவர்கள் பார்வையைக் கற்றுக்கொடுக்கிறார்கள்; அந்தப் பார்வை எந்தப் பொருளில் போய் முட்டப்போகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

முட்டுவதையே கலையாக்கியவர் ஒருவர் இருந்தார். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரைச் சேர்ந்த எச்.என். வெர்க்மன் பெரிய அச்சகம் நடத்தியவர். 1923இல் தொழில் நொடித்து ஒரு கிடங்கின் மேல்தளத்துக்குக் குடிபெயர்ந்தார். வேலை குறைவு, நேரம் மிச்சம். கையில் இருந்தவை தேய்ந்த மர எழுத்துகள், எழுத்துகளுக்கு நடுவே இடம் அடைக்கும் கட்டைகள், ஒரு கைப்பொறி. எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை அச்சிட்டார். மை உருளையை நேரடியாகத் தாள்மேல் ஓட்டினார். அந்த ஆண்டே அவர் தொடங்கிய ‘த நெக்ஸ்ட் கால்’ என்ற சிற்றிதழில், கதவுப் பூட்டின் தகட்டுக்கும் மையிட்டுப் பதித்தார். தகட்டின் உருவம் எழுத்துபோலவும் கட்டடம்போலவும் தாளில் நின்றது. 1926 வரை வந்த ஒன்பது இதழ்களும் மிகக் குறைந்த பிரதிகளே அச்சாயின.

வெர்க்மன் உந்துதல் தேடித் தெருவில் அலையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய அன்றாடம் அந்த அச்சகமேதான். பூட்டுத் தகட்டைப் படம் பார்த்து வரையவில்லை, தகடே அச்செழுத்தாயிற்று. பொருளுக்கும் பதிவுக்கும் நடுவே வேறு யாரும் இல்லாததால்தான் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்தும் அந்தத் தாள்கள் பழசாகத் தெரியவில்லை.

குறை இல்லாமலும் இல்லை. தனித்தனியாகக் கையால் செய்த அவருடைய தாள்களில் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. பலருக்கு ஒரே செய்தியைக் கொண்டுசேர்க்கப் பிறந்த பொறியைக் கொண்டு ஒற்றைப் பிரதி ஓவியம் செய்வது ஒருவகையில் அந்தப் பொறியின் வேலையையே மறுப்பதுதான். அதை வெர்க்மன் உணர்ந்திருக்க வேண்டும். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ‘நீலப் படகு’ என்ற பெயரில் நண்பர்களுடன் சேர்ந்து நாற்பது சிறு வெளியீடுகளை ரகசியமாகப் பரப்பினார். 1945 ஏப்ரல் 10 அன்று நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். விடுதலைக்குச் சில நாள்களே இருந்தன.

பரிலின் சுவரொட்டிக்கு வேறுவிதமான சிக்கல். கேட்ட பேச்சு அச்சானவுடன் பேசியவரிடமிருந்து கழன்றுவிடுகிறது. வரிசையில் நின்ற மூதாட்டி யாரிடம், எதற்காக அதைச் சொன்னார் என்பது சுவரொட்டியில் இல்லை. அவர் சொன்னது அனுபவம், சுவரில் இருப்பது கட்டளை. அதுவே ஒரு முதலாளியின் அறைச் சுவரில் தொங்கும்போது யாரை நோக்கிப் பேசுகிறது? அங்கே வேலை செய்கிறவருக்கு உடனே புரியும். மர எழுத்தின் கனம் எந்தச் சொல்லையும் தீர்ப்புபோல ஒலிக்க வைக்கும். அதுவே அதன் பலம், அதுவே ஆபத்து.

இந்த ஆபத்தை அமெரிக்காவின் ஏமஸ் பால் கென்னடி ஜூனியர் வேறு வழியில் சமாளித்தார். ஏடி அண்ட் டி நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தவர், நாற்பது வயதை ஒட்டி வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் பழைய அச்சுமுறையைச் செய்துகாட்டியதைப் பார்த்தார். வேலையை விட்டுவிட்டு அச்சுக்காரர் ஆனார். அவர் எடுத்தாள்வது ஆப்பிரிக்கப் பழமொழிகள், ரோசா பார்க்ஸ் போன்றோரின் கூற்றுகள், ஊர்ப்பேச்சு. அச்சிடுவது மட்டரக அட்டையில்; விலையும் சாதாரண ஆள் வாங்கக்கூடியதுதான். பொதுச்சொத்தான சொல்லைப் பொதுமக்களிடமே திருப்பிக் கொடுக்கிறார் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நிறத்தின்மேல் நிறமாக அவர் அடுக்கும் எழுத்துகளில் சில நேரம் சொல்லே மூழ்கிப்போகிறது. பழமொழியைப் படிக்க நின்றவர் வண்ணத்தைப் பார்த்துவிட்டு நகர்வார்.

தெருவை ஏதோ புதிய ஊற்றாகப் பேசுவதும் வரலாறு தெரியாத பேச்சு. தடித்த எழுத்து, கட்டைக்கால் எழுத்து, காலில்லாத எழுத்து எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் லாட்டரிக்காரரும் நாடகக்காரரும் போட்ட கூச்சலிலிருந்து கிளம்பியவை. ஈயத்தில் அவ்வளவு பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது என்பதால், 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளைப் பொறியால் வெட்டத் தொடங்கினார். இன்று ‘பாரம்பரியம்’ என்று துடைத்து வைக்கப்படும் எழுத்துகள் அன்றைய விளம்பர இரைச்சல்.

பாரம்பரியத்தைக் காப்பதிலும் தொல்லை உண்டு. 1879இல் தொடங்கிய நாஷ்வில் நகரின் ஹேட்ச் ஷோ பிரின்ட், தன் பழைய எழுத்தையும் மரக்கட்டைகளையும் அச்சிட்டுக்கொண்டே இருப்பதன் மூலம் காப்பாற்றுகிறது. பூட்டி வைத்த அருங்காட்சியகத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எந்த இசைக்குழு வந்தாலும் அதே பெட்டியிலிருந்துதான் எழுத்து வரும். பாடகர் யாரானாலும் ஒரே தையற்காரர் தைத்த சட்டையோடு மேடையேறுவதுபோல் இருக்கும்.

பணம் புழங்குவது வேறிடத்தில். 1990களில் மார்த்தா ஸ்டூவர்ட்டின் கல்யாண இதழ் லெட்டர்பிரஸ் அழைப்பிதழ்களைக் காட்டியதிலிருந்து அமெரிக்காவில் அதற்கு மவுசு ஏறியது. தடித்த பருத்தித் தாள், விரலுக்குத் தட்டுப்படும் ஆழமான பள்ளம், இலை, கொடி, பாட்டி வீட்டு லேஸ். தோட்டத்தில் கண்ட இலையைக் கணினியில் வரைகிறார்கள், பாலிமர் தகடாக்குகிறார்கள், அழுத்துகிறார்கள். இந்த வழியில் அச்சுப்பொறிக்கு வாயே இல்லை. எதை வேண்டுமானாலும் தகடாக்கலாம் என்பதால் எதையும் விட வேண்டியதில்லை. விட வேண்டியதில்லாததால் அன்றாடம் என்பது வெறும் பூச்சித்திரமாக முடிகிறது.

அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாளை முத்தமிடுவதுபோல் எழுத்து படவேண்டும், புடைக்கக் கூடாது என்பதே பழைய அச்சுக்காரர்களின் இலக்கணம். நம் ஊர் ட்ரெடில் அச்சுப்பொறியில் அடித்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் தடவினால் தட்டுப்பட்ட மேடு, பெரும்பாலும் தேய்ந்த எழுத்தைப் பதியவைக்க அழுத்தம் கூட்டியதால் வந்தது. ஏழ்மையின் தழும்பை இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

கண்டதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மறுபடியும் நெதர்லாந்துதான் நல்ல பதில் வைத்திருக்கிறது. ராய் ஸ்கோல்டன், மார்ட்டைன் வான் டெர் ப்ளோம் என்ற இருவர், லெகோ கட்டைகளை அடுக்கி மையிட்டு ஐம்பது பறவைகளை அச்சிட்டார்கள். லெகோ ஒரே உயரம், சதுரக் கட்டம். அச்சுப்பொறி கேட்பதும் அதுதான். பறவையின் வளைவுகளைக் கட்டைகளால் சொல்ல வேண்டியிருந்ததால், எதை விடலாம் என்று ஒவ்வொரு பறவைக்கும் யோசித்தாக வேண்டியிருந்தது. வீட்டில் குழந்தைகள் இறைத்துப்போடும் பொருள் இங்கே அச்செழுத்தாகவே மாறிவிட்டது. வெர்க்மனின் தகட்டுக்கு நேர் வாரிசு.

தமிழில் இதைச் செய்ய நினைப்பவர் பாலிமரை இவ்வளவு திட்ட முடியாது. தமிழ் ஈய எழுத்து கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் முழுப்பெட்டியாக வராது. ஃப்ளெக்ஸ் பேனர் விழுங்கிய பெயின்டர் எழுத்திலிருந்து, அந்த நிழல் வைத்த ‘மளிகை’யிலிருந்து ஒரு சுவரொட்டி செய்ய வேண்டுமென்றால், தகடோ லேசரில் வெட்டிய மரமோதான் வழி. அப்போதும் வடிவமைப்பைத் திரையிலேயே முடித்துவிடாமல், வெட்டிய முதல் எழுத்தையே பொறியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ‘ணை’யின் சுழிகளுக்குள்ளும் ‘ஐ’யின் மடிப்பிலும் மை போய் அடைத்துக்கொள்ளும். எந்தச் சுழியை அகலமாக்குவது, எந்த நிழலைக் கைவிடுவது என்பதை மை அடைத்த அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.